இருபது நிமிஷம் நிறுத்தக் கூடாது

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, மேல ஏசியில இருந்து தண்ணி சொட்டுது. இப்படி வாங்க. முதல் சர்வீஸுங்களா? நம்மளுதும் முதல் சர்வீஸ்தான். அதா பாருங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லிப்ட்டுல ரெண்டாவதா ஏத்தி வெச்சிருக்கறாங்களே, வெள்ளை வண்டி, ஏழு சீட்டு, அதுதான். டீசல் ஆட்டோமேட்டிக். உங்களுது? பெட்ரோலுங்களா? செரி செரி. அதுவும் ஓடுமுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

எனக்கு டீசலா இருந்தாத்தானுங்க வண்டி. திருச்செங்கோட்டுக்காரன், பேரு நாச்சிமுத்து. போர்வெல் ரிக் ஓட்டுனவன். முதல்ல ட்ரில்லர், அப்பறம் கூட்டுல ஒரு வண்டி, அப்பறம் சொந்த வண்டி. முப்பது வருசமுங்க. கொஞ்சம் ஆந்திரா, மீதியெல்லாம் மத்தியப் பிரதேசம். கம்ப்ரசர் சத்தத்துலயே தூங்குவேன், சத்தம் நின்னா முழிச்சுக்குவேன். மழை புடிச்சா போர் போட முடியாது, அப்ப ஒரு நாப்பது நாள் வீட்டுக்கு வருவேன். மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு நாலு நாள். அவ்வளவுதான் என்ற குடும்ப வாழ்க்கை.

ஒத்தப் பொண்ணு. கோகிலவாணி. அவ பொறந்தப்ப நான் சாகர்ங்கற ஊர்ல, எண்ணூறு அடி ஆழத்துல பாறை துளைக்கற பிட்டு மாட்டிக்கிட்டு நிக்கறேன். மாட்டுன பிட்டை விட்டுட்டு வர முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க. பதினெட்டாம் நாள்தான் வந்து புள்ள மூஞ்சியப் பார்த்தேன். என்ற சம்சாரம் ருக்குமணி இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. பதினெட்டு நாள், பதினெட்டு நாள்னு. ஆனா பிட்டை எடுத்துட்டனுங்க. அதை ஒருத்தரும் சொல்றதில்லை.

போன வருசம் ரிக்கை வித்துப்போட்டு வந்துட்டேன். இடது முட்டி போயிருச்சு. கிளச்ச மிதிச்சே தேஞ்சிருச்சு, இனி கிளச் வண்டி தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அதனாலதான் ஆட்டோமேட்டிக். இல்லாட்டி நானெல்லாம் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். கியர் போடாம ஓட்டறது உப்பில்லாம சோறு திங்கற மாதிரி. முதல் வாரம் இந்த இடது கால் சும்மா இருக்குமுங்களா? கிளச்சைத் தேடிப் போயி பிரேக்கை மிதிச்சிருச்சு. ருக்குமணி நெத்தி முன்னால போயி டேஷ்போர்டுல இடிச்சு, புடைச்சுக்கிச்சு. நான் பதறிப்போயிட்டேன். நல்லவேளை, டேஷ்போர்டுல ஒரு கீறல் இல்லை.

ஆனா முட்டிக்காக மட்டும் வாங்கலீங்க. கோகிலா முழுகாம இருந்தா. தலைப்பிரசவம். உங்க பேச்சைப் பார்த்தா மதுரைப் பக்கமாட்ட இருக்குது, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எங்க பக்கம் கட்டுச்சோறு விருந்துன்னு ஒண்ணு உண்டு. மாசம் நெறஞ்சதும் பொண்ணைப் பெத்தவங்க வகைவகையாச் சோறு ஆக்கி, போசியில, அதான் தூக்குச் சட்டியில கட்டி, ஒறம்பரை, உங்க பக்கம் சொந்தபந்தம்பீங்களே, அவங்களைக் கூட்டிக்கிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போவோணும். அங்க எல்லாருக்கும் பந்தி போட்டுட்டு, பொண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரோணும். தலைச்சன் தாய் வீட்டுலதான் பொறக்கோணும். அதுதான் பெத்தவனுக்கு மரியாதை.

அவ பொறந்தப்ப நான் இல்லை. பெரிய மனுசி ஆனப்ப இல்லை. கண்ணாலத்துக்கே மூணு நாள் முன்னாலதான் வந்து எறங்குனேன். இதுக்காவது, என்ற பொண்ணை என்ற சொந்த வண்டியில, நானே ஓட்டி, என்ற வாசல்ல கொண்டாந்து எறக்கோணும்னு ஒரு ஆசைங்க. அந்த ஒரு ஆசைக்குத்தான் ஏழு சீட்டு. பேரன் பேத்தின்னு நாளைக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து போலாம் பாருங்க.

தை மாசம் டெலிவரி எடுத்தோம். மாலை போட்டு, கேக்கு வெட்டச் சொல்லி, போட்டோ புடிச்சாங்க. கேக்கை ஷோரூம் மேசையிலயே திங்கச் சொன்னேன், வண்டிக்குள்ள கொண்டுபோக விடலை. பிசுபிசுன்னு ஆயிரும். சீட்டு மேல வர்ற பாலித்தீன் கவரையும் கழட்ட விடலை. இன்னைக்கு வரைக்கும் கழட்டலீங்க. உக்காந்தா வேர்க்கும்னு ருக்குமணி சொன்னா. வேர்த்தா கவர் மேலதானே வேர்க்கும், சீட்டு மேல இல்லையே?

சட்டம்னு ஒண்ணும் போடலீங்க. செருப்பைத் தட்டிட்டு ஏறு. கதவை அறைஞ்சு சாத்தாதே. உள்ள ஒண்ணும் திங்காதே. தலைக்கு எண்ணெய் வெச்சிருந்தா பின்னால சாயாதே. கண்ணாடியில கைவெக்காதே. இதெல்லாம் ஒரு சட்டமா? அவளுக்குப் பொறுக்கலை. மூணாவது வாரம் ஈரோட்டுக்கு ஒரு விசேசம், கெளம்பி நிக்கறேன், இவ வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு, "நான் பஸ்ஸுலயே வந்தர்றனுங்க, அங்கயாவது சாஞ்சு உக்காரலாம்"ங்கறா. போயிட்டா. ஏழு சீட்டு வண்டியில நான் ஒருத்தன் போறேன், பொண்டாட்டி பின்னால டவுன் பஸ்ஸுல வர்றா. ஊரு சிரிக்குமா சிரிக்காதா?

இன்னொண்ணுங்க. வாங்கின புதுசுல அவ கேட்டா, "கிளச்சே இல்லைங்கறீங்க, கியரும் இல்லைங்கறீங்க, எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுங்களேன்"னு. நான் சிரிச்சுட்டேன். ஸ்கூட்டர் ஓட்டறவளுக்கு இந்த வண்டி எதுக்குங்க? இது ரெண்டு டன்னு. பதினஞ்சு வருசமா அவ ஸ்கூட்டர்தான் ஓட்டறா. புள்ளையப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறது, எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது, கரண்டு பில்லு, ரேசன் கடை, எல்லாம் அதுலதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா? "மொதல்ல அந்த ஸ்கூட்டரை வளையாம நிறுத்து, அப்பறம் பார்க்கலாம்"னேன். அவ அப்பறம் கேக்கவே இல்லை. பொம்பளைங்களுக்கு ஒரு ஆசை வந்தா ரெண்டு நாள்தான், மறந்துருவாங்க.

செரி, நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். அந்த லைட்டு. உங்க பெட்ரோல் வண்டிக்கு அந்த வெசனம் இல்லை. இப்ப வர்ற டீசல் வண்டிக்கெல்லாம் சைலன்சர் பக்கத்துல ஒரு சல்லடை மாதிரி வெச்சிருக்கறான். புகையில வர்ற கரியெல்லாம் அதுல புடிச்சுக்கும். தூரமா ஓட்டுனா சூட்டுல அதுவே எரிஞ்சு போயிரும். பக்கத்துல பக்கத்துல ஓட்டுனா அடைச்சுக்கும். அடைச்சா மஞ்சளா ஒரு லைட்டு எரியும். நான் தெனமும் காத்தாலயும் சாயந்தரமும் பேக்கரி வரைக்கும்தான் எடுப்பேன். ரெண்டு கிலோமீட்டர். டீ குடிக்க. நம்ம ரிக்குக்காரங்க எல்லாரும் அங்கதான் நிப்பாங்க, ஆளாளுக்கு வந்து பார்ப்பாங்க, பானட்டைத் தெறந்து காட்டுவேன். ஒரு மாசத்துல லைட்டு வந்துருச்சு.

இங்க தாரணின்னு ஒரு புள்ள இருக்குது பாருங்க, நீலச் சட்டை போட்டுக்கிட்டு, கையில ஃபைலோட சுத்துதே, அதுக்குத்தான் போன் போட்டேன். "ஒண்ணும் பயமில்லைங்க சார். அறுபதுக்குக் குறையாம ஒரு இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்க, அணைஞ்சுரும்"னு சொல்லுச்சு. எழுதி வெச்சுக்கிட்டேன். எந்த மெஷினா இருந்தாலும் கம்பெனி சொல்றதைக் கேட்டு ஓட்டறவனுங்க நான். என்ற ரிக்கு முப்பது வருசத்துல நடு வேலையில ஒரு தடவை நின்னதில்லை.

அப்பறம் ஒரு பத்து நாள் கழிச்சுத்தான் விருந்து. கோகிலாவைக் குடுத்தது காங்கேயம் பக்கம், மெயின் ரோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள தள்ளி. மாப்பிள்ளை யுவராஜ் தேங்காய்ப் பருப்பு காயப் போடற களம் வெச்சிருக்கறாரு. ருக்குமணி விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஏழு வகை ஆக்கியிருந்தா. புளிச்சோறு, தயிர்ச்சோறு, தக்காளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, சக்கரைப் பொங்கல். போசியெல்லாம் வண்டிக்குள்ள வெக்கலாம்னு கொண்டாந்தாங்க. நான் முடியாதுன்னுட்டேன். புளிச்சோத்து எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாப் போதும், ஏழு வருசம் நாறும். ஒரு டெம்போ புடிச்சு அதுல ஏத்தி, ஒறம்பரைக்கு ஒரு வேன் புடிச்சு, நானும் ருக்குமணியும் மட்டும் வண்டியில போனோம். "கட்டுச்சோறு டெம்போவுல போகுது, கட்டினவ கார்ல போறேன்"னு ஒரு வார்த்தை சொன்னா. நான் அதைக் காதுல போட்டுக்கலை.

விருந்து நல்லாத்தான் நடந்துச்சு. சம்பந்தி வீட்டுல எல்லாரும் வண்டியச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. மத்தியானம் ராகு காலத்துக்கு முன்னால பொண்ணை அனுப்பிச்சு வெச்சாங்க. வேனும் டெம்போவும் முன்னாலயே போயிருச்சு. கோகிலா நடு சீட்டுல உக்காந்தா. நெறமாசம். கை நெறைய வளையல். "எப்படி இருக்குது கண்ணு அப்பா வண்டி?"னேன். "நல்லாருக்குதுப்பா"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருசம் புழுதி தின்னிருக்கறேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க.

மெயின் ரோடு ஏறி ஒரு பத்து நிமிஷம் இருக்கும். மஞ்ச லைட்டு வந்துருச்சு. நான் மணி பார்த்துக்கிட்டேன். ரெண்டு அஞ்சு. ரெண்டு இருபத்தஞ்சு வரைக்கும் நிறுத்தக் கூடாது. நல்ல ரோடு, காலி ரோடு, எழுபதுல வெச்சுப் புடிச்சேன். அரச்சலூருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில கோகிலா, "அப்பா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, வயித்தைப் பொரட்டுது"ங்கறா.

நான் கோபமா ஒண்ணும் சொல்லலீங்க. "லைட்டு எரியுது கண்ணு, இன்னும் பன்னண்டு நிமிஷம், பல்லைக் கடிச்சுக்கோ"ன்னேன். ஏசியைக் கூட இன்னும் எச்சா வெச்சேன். ரெண்டாவது தடவை, "அப்பா, அடிவயிறு சுண்டி இழுக்குது, நிறுத்துங்கப்பா"ன்னா. ருக்குமணி, "நிறுத்துங்களேன், புள்ள சொல்றாள்ல"ன்னா. "எட்டு நிமிஷம்தான்டி, இப்ப நிறுத்துனா கரி அப்படியே நின்னுரும், நாளைக்கு வண்டி நட்டநடு ரோட்டுல நின்னா ஆஸ்பத்திரிக்கு எதுல போவ?"ன்னேன். நாயமான கேள்விதானுங்களே? அவளுக்காகத்தான சொல்றேன். மூணாவது தடவை அவ கேக்கலை. நான் செரியாயிருச்சாக்கும்னு நெனைச்சேன். கண்ணாடியில பார்த்தா கண்ணை மூடிக்கிட்டு ஜன்னல்ல சாஞ்சிருந்தா. கண்ணாடியில கைவெச்சிருந்தா, அதுக்குக் கூட நான் ஒண்ணும் சொல்லலை.

ரெண்டு இருபத்தொண்ணு. இன்னும் நாலே நிமிஷம். வாந்தி எடுத்துட்டா. சீட்டெல்லாம். கவர் கிழிஞ்ச எடத்துல உள்ளயும் எறங்கிருச்சு.

உடனே நிறுத்திட்டனுங்க. நிறுத்தலைன்னு யாரும் சொல்ல முடியாது. எறங்கி ஓடிப்போயி, துணி எடுத்து, கதவைத் தெறந்து, நனைஞ்ச எடத்தைத் துடைச்சேன். ஊறிட்டா அப்பறம் போகாதுங்க, உடனே துடைக்கோணும். துடைச்சு முடிச்சுத் திரும்பிப் பார்க்கறேன். ருக்குமணி அந்தப் பக்கம் கதவு வழியா அவளை எறக்கி, ரோட்டோரத்துல மைல் கல்லு மேல உக்கார வெச்சு, முந்தானையில மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு இருக்கறா. என்னை நிமிந்து பார்த்து, "துடைச்சாச்சுங்களா?"ன்னா.

அவ்வளவுதான் கேட்டா. சத்தம் போட்டுத் திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். தண்ணி வேணுமான்னு கேக்கற குரல்ல கேட்டா. "ஆச்சு"ன்னேன்.

கோகிலா போனை எடுத்து மாப்பிள்ளைக்குப் போட்டு, "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. நான் எவ்வளவோ சொன்னேன். வண்டி இங்கயே இருக்குது, ஏறு கண்ணு, வீட்டுல ஆரத்தி கரைச்சு வெச்சுக்கிட்டு நிக்கறாங்கன்னு. மைல் கல்லை விட்டு எந்திரிக்கலை. அரை மணி நேரத்துல மாப்பிள்ளை வந்துட்டாரு. அந்தக் காரைப் பார்க்கோணுமே நீங்க. பத்துப் பன்னண்டு வருசத்து வண்டி, பம்பரைக் கயித்துல இழுத்துக் கட்டியிருக்குது, பின் சீட்டெல்லாம் தேங்காய் நார். ஆளு எறங்கி வந்தாரு. சட்டையக் கழட்டி அந்த சீட்டு மேல விரிச்சாரு. பனியனோட நிக்கறாரு ஈரோடு ரோட்டுல. "வந்தா இதுலயே எடு கோகி, வண்டிதானே"ங்கறாரு.

வண்டிதானேங்கறாருங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க.

ருக்குமணியும் அந்தக் கார்லயே ஏறிட்டா. "நீ எங்கடி போற?"ன்னேன். "புள்ள கூட"ன்னா. கட்டுச்சோறு குடுத்து அழைச்ச பொண்ணு அன்னைக்கே பொறந்த வீட்டுக்குப் போகாம மாமியா வீட்டுக்குத் திரும்பிப் போறது, எந்த ஊருலயாவது கேள்விப்பட்டிருக்கறீங்களா? கூட பெத்தவளும் போறது? கதவைச் சாத்துனா. அறைஞ்சு சாத்துனா.

நான் ஒத்தையில வந்தேன். அவல்பூந்துறை தாண்டறப்ப லைட்டு அணைஞ்சிருச்சுங்க. அது ஒரு நிம்மதி.

வீட்டு வாசல்ல என்ற அக்கா, பங்காளி வீட்டுப் பொம்பளைங்க, ஒரு பத்துப் பேரு. ஆரத்தித் தட்டு, கற்பூரம் வெச்ச வெத்தலை. வண்டி வந்து நின்னதும் கொலவை போட்டுட்டாங்க. நான் ஒருத்தன் எறங்கறேன். பின்னால பார்க்கறாங்க, நடுவுல பார்க்கறாங்க, கடைசி சீட்டு வரைக்கும் குனிஞ்சு பார்க்கறாங்க. "எங்கடா பொண்ணு?"ன்னா அக்கா. நான் சொன்னேன். வாந்தி எடுத்ததையும் சொன்னேன், லைட்டையும் வெளக்கமாச் சொன்னேன். ஒருத்திக்கும் புரியலை. அக்கா தட்டைக் கொண்டுபோயி முருங்கை மரத்தடியில ஊத்திட்டா.

இப்ப நீங்க கேக்கறது எனக்குத் தெரியுது. அவ கேட்டப்பவே நிறுத்தியிருந்தா வண்டி என்னாயிருக்கும்னுதானே? ஒண்ணும் ஆகாதாமுங்க. அந்தத் தாரணிப் புள்ள முதல் தடவை போன் போட்டப்பவே சொல்லுச்சு. "நடுவுல நிறுத்துனாலும் பரவாயில்லைங்க சார், அடுத்த தடவை ஓட்டறப்ப எரிஞ்சிரும்"னு. சொல்லத்தான் சொல்லுச்சு. ஆனா ஆபீஸ்ல உக்காந்திருக்கற புள்ளைக்கு இன்ஜின் என்ன தெரியும்? நான் முப்பது வருசம் டீசலோட குடும்பம் நடத்துனவன்.

பேத்திங்க. பங்குனியில பொறந்துச்சு. காங்கேயத்து ஆஸ்பத்திரியில. ருக்குமணி போன் போட்டு, "பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்"னா. "வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன், எல்லாரும் கெளம்பி இருங்க"ன்னேன். "வேண்டாமுங்க, இங்க ஒரு வண்டி இருக்குது"ன்னு வெச்சுட்டா. அதோட அவளும் வரலை. புள்ள பொறந்து மூணு மாசம் ஆகப் போகுது. பேரு வெச்சுட்டாங்களாம், அதையும் ஒறம்பரை ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். என்ன பேருன்னு அவருக்கு ஞாபகம் இல்லை.

போயிப் பார்க்கலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிங்க போறது? என்ற வாசல்ல பொறக்க வேண்டிய புள்ளைய, சம்பந்தி வாசல்ல நின்னு, காட்டுங்கன்னு கேக்கறதா? எனக்கும் ஒரு மானம் ரோசம் இருக்குதுல்லங்க. அவங்க கூப்பிடட்டும், போறேன். பதினெட்டு நாள்னு சொல்லிச் சொல்லிக் காட்டுனா. இப்ப எண்பத்தாறு நாளு. நான் ஒண்ணும் எண்ணலை, போன்ல காலண்டர் இருக்குது, தானாக் கண்ணுல படுது.

ஆனா வண்டியப் பார்க்கோணுமே. சும்மா விட்டா கெட்டுப் போயிருமே. பேக்கரிக்கு இப்பவும் காத்தால சாயந்தரம் போறேன். இப்பெல்லாம் டீ குடிக்கறதில்லை, திருப்பிக்கிட்டு வந்தர்றேன். அப்படி ஓட்டுனா ஒரு பத்துப் பன்னண்டு நாள்ல மஞ்ச லைட்டு வந்துருது. லைட்டு வந்துட்டா நீளமா ஓட்டித்தானே ஆகோணும்? அன்னைக்குக் குளிச்சு, சட்டை மாத்திக்கிட்டு, காங்கேயம் ரோட்டுல விட்டுருவேன். சேலம் ரோடு பக்கத்துலதான், நாலு வழிச்சாலைதான், செரிங்க. ஆனா காங்கேயம் ரோடுதான் இந்த வண்டிக்கு ஒத்துக்குது. லைட்டு ஈரோட்டுலயே அணைஞ்சிரும். எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் கொஞ்சம் போவேன். அவங்க ஊருக்குத் திரும்பற முக்குல ஒரு பஞ்சர் கடை இருக்குது, அது வரைக்கும். டயர்ல காத்துப் பார்க்கச் சொல்வேன். காத்து செரியாத்தான் இருக்கும். அந்தக் கடைக்காரன் இப்பெல்லாம் என்னைப் பார்த்தாலே ஸ்டூலை எடுத்துப் போட்டுட்டு, "காத்துங்களா?"ன்னு சிரிக்கறான்.

போன வாரம் அங்க நிக்கறேன். உள்ளிருந்து அந்தப் பழைய கார் வருது. கயித்துல கட்டுன பம்பர். நான் மாப்பிள்ளைன்னு நெனைச்சு இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பறம் பார்த்தா, ஸ்டியரிங் புடிச்சிருக்கறது ருக்குமணிங்க. என்ற பொண்டாட்டி. கிளச்சு வண்டி. அந்த முக்குல ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்குது, பெரிசு, அதுல கிளச்சை மிதிச்சு, ரெண்டாவது கியருக்கு எறக்கி, அலுங்காம ஏத்தி எறக்குனா. கியர் ஒரு சத்தம் இல்லை. ரிக்குல எனக்கு அப்படி ஒரு டிரைவர் அமையலைங்க, சத்தியமா. பின்னால கோகிலா. மடியில வெள்ளைத் துணியில ஒரு மூட்டை. தடுப்பூசிக்குப் போயிருப்பாங்க, புதன்கிழமை.

என்னைப் பார்த்தாளான்னு கேக்கறீங்களா? ரோட்டைப் பார்த்து ஓட்டறவ சைடுல பார்க்க மாட்டா. நல்ல டிரைவர் பார்க்கக் கூடாது. வெள்ளை வண்டி, ஏழு சீட்டு, தெரியாம இருக்குமான்னா, அது எனக்குத் தெரியாதுங்க. இண்டிகேட்டர் போட்டா, திரும்பினா, போயிட்டா. அவங்க திரும்பி வருவாங்கள்லனு நின்னேன். அரை மணி நேரம் இன்ஜினை அணைக்காம நின்னேன், ஏசி போட்டு வெச்சேன், வெயில்ல ஒருவேளை புள்ள... செரி அதை விடுங்க. வேற வழியாத் திரும்பிட்டாங்களாட்ட.

இருங்க, அந்தப் புள்ள வருது. வா அம்மிணி. முடிஞ்சுதா?

"முடிஞ்சுதுங்க சார். ஆயில் மாத்தியாச்சு, வாட்டர் வாஷ் முடிஞ்சுது. அப்பறம் சார், உங்க வண்டியில ஃபில்டர் லைட்டு அடிக்கடி வந்திருக்குது. பத்துத் தடவை காட்டுது. அதனால மெஷின் வெச்சு இங்கயே மொத்தமா எரிச்சு விட்டுட்டோம். சாப்ட்வேரும் புதுசு ஏத்தியாச்சு. இனிமே நீங்க டவுனுக்குள்ள ஓட்டுனாலும் லைட்டு லேசுல வராது. நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரி சும்மா சும்மா காங்கேயம் வரைக்கும் அலைய வேண்டியதில்லைங்க சார்."

உன்னை யாரு எரிக்கச் சொன்னது? இல்ல, கேக்கறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா? வண்டி யாருது? எரிக்கறதுக்கு முன்னால ஓனரைக் கேக்கோணுமா வேண்டாமா?

"நல்லதுக்குத்தானுங்க சார். ஃப்ரீதான், பில்லுல போடலை."

ஃப்ரீயாம். பழையபடி பண்ண முடியுமா? முன்னால இருந்த மாதிரி? சாப்ட்வேரைத் திருப்பிப் போட முடியாதா? பாரு, நீ போயி உங்க மேனேஜரைக் கேட்டுட்டு வா. போ அம்மிணி. நான் இங்கயே இருக்கறேன்.

பாருங்க, அந்தப் புள்ள என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்துட்டுப் போகுது. நல்லது பண்ணிட்டாளாம். லைட்டு வராதாம் இனி. வராட்டி நான் வண்டிய எதுக்குன்னு வெளிய எடுக்கறது? பஞ்சர் கடைக்காரன்கிட்ட என்னன்னு சொல்றது? அந்த முக்குல போயி நின்னா, ஊருல யாராவது கேட்டா, வண்டிக்காக வந்தேன்னு சொல்லிக்குவேன். இத்தனை நாள் அப்படித்தானே சொன்னேன். இனி யாருக்காக வந்தேன்னு சொல்லோணும் நான்?